மணி ஏன் சீசர் மீது ஏறியது?

மாலை ஐந்து மணி இருக்கும். பள்ளி விட்டு வந்த சிறுவர்கள் எங்கள் தெருக்கோடித் திடலில் பந்து விளையாடிக் கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் நாய் மணியை அங்கே அழைத்து வந்தான். மணி ஒன்றரை வயது நாட்டு நாய். எதிர்வீட்டுச் சீசரும் வந்து சேர்ந்தது. இரண்டுமே ஆண் நாய்கள். குட்டிப் பருவத்திலிருந்தே நண்பர்கள்.

ஒன்றையொன்று துரத்தின, மண்ணில் புரண்டன, பொய்க்கடி கடித்தன. ஆட்டம் சூடு பிடித்தது. அப்போது மணி சட்டென்று சீசரின் பின்புறம் சென்று, முன்னங்கால்களை அதன் இடுப்பில் போட்டு மேலே ஏறியது. பந்தை விட்டுவிட்டுச் சிறுவர்கள் சிரித்தார்கள். "டேய், உன் நாயைப் பாருடா!" என்று ஒருவன் கூவினான்.

மணியின் சொந்தக்காரனுக்கு முகம் சிவந்தது. கையில் அகப்பட்ட குச்சியால் மணியை இரண்டு அடி அடித்தான். வலி தாங்காமல் கத்திய மணி, திரும்பிய வேகத்தில் சீசரைக் கடித்தது. சீசர் சும்மா இருக்குமா? விளையாட்டு ஒரு நொடியில் சண்டையாக மாறியது. விலக்கிவிட அவன் இடையே கையை நீட்டினான். எந்த நாயின் பல் பட்டது என்று தெரியவில்லை. மணிக்கட்டிலிருந்து இரத்தம் வழிந்தது.

அவனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று தடுப்பூசி போட்டார்கள். இரவு வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "கெட்ட பழக்கம் பிடித்த நாய், கடிக்கவும் ஆரம்பித்துவிட்டது. எங்காவது தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்றார் பாட்டி.

மணி செய்த குற்றம் என்ன? அது உண்மையிலேயே கெட்ட பழக்கம்தானா? இந்தக் கேள்வியைச் சிரிக்காமலும் கூச்சப்படாமலும், ஓர் அறிவியல் மாணவனைப்போல ஆராய்ந்து பார்ப்போம்.

மாட்டுக் கொட்டிலில் ஒரு பாடம்

நாய்களை விட்டுவிட்டு முதலில் மாட்டுக் கொட்டிலுக்குச் செல்வோம். கறவை மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி தெரியும். பசு பருவத்துக்கு வந்தால் மற்றப் பசுக்கள் அதன் மீது தாவும். அதுவும் விலகாமல் நிற்கும். இந்த அறிகுறியைப் பார்த்துத்தான் விவசாயி சினை ஊசி போட மருத்துவரை அழைக்கிறார். அங்கே காளையே இல்லை. தாவுவதும் பசு, தாவப்படுவதும் பசு. இதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. மாட்டை அடிப்பதும் இல்லை.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஒரு விலங்கு இன்னொன்றின் மீது ஏறுவது ஆண் விலங்குக்கு மட்டும் உரிய செயலன்று. பெண்ணைக் கண்டால் மட்டும் நிகழும் செயலுமன்று. ஆட்டுக்குட்டிகளிடமும் கன்றுகளிடமும் இதனைக் காணலாம். நாய்களில் ஆண் ஆண் மீதும், பெண் பெண் மீதும், சில வேளைகளில் மனிதர் கால் மீதும் தலையணை மீதும்கூட ஏறுவதுண்டு. ஆகவே, "இனப்பெருக்கம்" என்ற ஒரே விடையை வைத்துக்கொண்டு இதனை விளக்கிவிட முடியாது.

நான்கு கேள்விகள்

நீக்கோ டின்பர்கன் என்பவர் நெதர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய விலங்கு நடத்தை அறிஞர். கொன்ராட் லாரன்ஸ், கார்ல் ஃபான் ஃபிரிஷ் ஆகிய இருவருடன் சேர்ந்து 1973-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர். விலங்கின் எந்தச் செயலைக் கண்டாலும் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று 1963-இல் அவர் எழுதினார். இச்செயலை இப்போது தூண்டுவது எது? விலங்கின் வாழ்நாளில் இது எவ்வாறு தோன்றி வளர்கிறது? இதனால் விலங்குக்கு என்ன பயன்? அதன் மூதாதையரிடமிருந்து இது எவ்வாறு வந்தது?

இவற்றில் முதலிரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டாலே மணியின் செயல் பெரிதும் விளங்கிவிடும்.

குட்டிப் பருவத்திலேயே தொடக்கம்

பிறந்து ஐந்தாறு வாரமே ஆன நாய்க்குட்டிகளைக் கவனியுங்கள். ஒன்று பதுங்கிப் பாயும். அது வேட்டையின் ஒரு துண்டு. ஒன்று மற்றொன்றின் கழுத்தைக் கவ்வி உதறும். அது சண்டையின் ஒரு துண்டு. ஒன்று மற்றொன்றின் முதுகில் ஏறும். அது இணைதலின் ஒரு துண்டு. வளர்ந்த நாயின் வாழ்க்கையில் தேவைப்படும் பல செயல்களின் துண்டுகள் ஒழுங்கின்றிக் கலந்து வருவதே குட்டிகளின் விளையாட்டு. பருவமடைய இன்னும் பல மாதங்கள் இருக்கும் வயது அது. ஆண் குட்டிகளிடம் இச்செயல் சற்று அதிகம். பெண் குட்டிகளிடமும் உண்டு.

தெருநாய்க் குட்டிகளின் விளையாட்டு நம் நாட்டிலேயே ஆராயப்பட்டிருக்கிறது. மேற்கு வங்காளத்தின் காட்வா நகரில் சுனில் குமார் பால் என்ற ஆராய்ச்சியாளர் தெருநாய்களின் வாழ்க்கையைப் பல ஆண்டுகள் கவனித்துக் குறிப்பெடுத்தார். குட்டிகளின் விளையாட்டைப் பற்றிய அவருடைய கட்டுரை 2010-இல் வெளியாயிற்று. இத்தகைய ஆராய்ச்சிக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பொறுமையும் குறிப்பேடும் போதும்.

விளையாட்டு சண்டையாக மாறாதிருக்க நாய்களிடம் ஓர் அடையாள மொழி இருக்கிறது. முன்னங்கால்களை நீட்டி மார்பைத் தரையோடு தாழ்த்தி, பின்புறத்தை உயர்த்தி நிற்கும் நிலையை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதனை "விளையாட்டு வணக்கம்" என்று அழைக்கலாம். "இனி நான் செய்யப் போவது வெறும் விளையாட்டு, தவறாக எண்ணாதே" என்பது அதன் பொருள். கடித்து உதறுவது போன்ற முரட்டுச் செயல்களுக்குச் சற்று முன்போ பின்போ இந்த வணக்கம் இடம்பெறுவதை அமெரிக்க அறிஞர் மார்க் பெக்காஃப் 1995-இல் எடுத்துக் காட்டினார்.

ஹார்மோனின் பங்கு

"அப்படியானால் ஹார்மோனுக்கு இதில் பங்கே இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். பங்கு உண்டு. ஆண் விலங்கின் விரைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் இரண்டு கட்டங்களில் வேலை செய்கிறது.

முதற்கட்டம் பிறப்பை ஒட்டியது. அப்போதே அது மூளையின் சில பகுதிகளை ஒரு வகையாக வடிவமைத்துவிடுகிறது. 1959-இல் அமெரிக்காவில் கினி எலிகளைக் கொண்டு செய்த புகழ்பெற்ற சோதனை இதனைக் காட்டியது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே டெஸ்டோஸ்டிரோனைப் பெற்ற பெண் குட்டிகள், வளர்ந்த பின் ஆண் எலிகளைப்போல மற்ற எலிகள் மீது அதிகமாகத் தாவின. இரண்டாவது கட்டம் பருவமடையும் காலம். அப்போது இந்த ஹார்மோன் மிகுதியாகச் சுரந்து, ஏற்கெனவே போட்டு வைத்த பாதையைத் தூண்டிவிடுகிறது. ஒன்றரை வயது மணி இந்த இரண்டாவது கட்டத்தில் இருந்தது. இளங்கன்று பயமறியாது என்பார்களே, அந்த வயது!

விரைகளை அறுவை மூலம் நீக்கினால் இச்செயல் நின்றுவிடுமா? நம் ஊரில் காளைகளுக்குக் காயடிக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. நாய்களிலும் இதன் விளைவை ஆராய்ந்திருக்கிறார்கள். 1997-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 57 ஆண் நாய்கள் இடம்பெற்றன. பிறர் மீது ஏறுதல், வீட்டுக்குள் சிறுநீரால் அடையாளமிடுதல், ஊர் சுற்றுதல் ஆகிய பழக்கங்கள், அவற்றை உடைய நாய்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் பாதியோ அதற்கு மேலோ குறைந்தன. ஆனால் ஏறக்குறைய முழுவதுமாகக் குறைந்தது 25 முதல் 40 சதவீத நாய்களில்தான்.

இந்தக் கணக்கைச் சிந்தித்துப் பாருங்கள். அறுவைக்குப் பின் சில நாட்களுக்குள் இரத்தத்தில் ஹார்மோன் அளவு இறங்கிவிடுகிறது. ஆயினும் பழக்கம் பல நாய்களில் ஓரளவு எஞ்சி நிற்கிறது. ஹார்மோன் ஒன்றே காரணமாக இருந்தால் அது முற்றிலும் மறைந்திருக்க வேண்டுமல்லவா? ஆகவே, வேறு காரணங்களும் உண்டு என்பது தெளிவாகிறது.

பொங்கி வழியும் பரபரப்பு

அடுப்பில் பால் கொதிக்கிறது. தீயைக் குறைக்காவிட்டால் என்ன ஆகும்? பொங்கி வழியும். நாயின் பரபரப்பும் இதைப் போன்றதே. வெகுநேரம் கட்டிப்போட்ட நாயை அவிழ்த்துவிடும்போதும், வீட்டுக்கு விருந்தினர் வரும்போதும், புதிய நாயைச் சந்திக்கும்போதும், ஆட்டம் உச்சத்தை எட்டும்போதும் அதன் உடலில் கிளர்ச்சி மிகுகிறது. சில நாய்கள் குரைக்கும். சில தம் வாலையே துரத்திச் சுழலும். சில அருகிலுள்ள நாயின் மீது ஏறும். மகிழ்ச்சி மட்டுமன்றி அச்சமும் குழப்பமும்கூட இதனைத் தூண்டலாம்.

மற்ற விலங்குகளிலும் இத்தகைய இடம் மாறிய செயல்கள் உண்டு. இரண்டு சேவல்கள் சண்டையிடும்போது, இடையில் தலையைத் தாழ்த்தித் தரையில் இரை பொறுக்குவதுபோலக் கொத்தும். அந்த நேரத்தில் சேவலுக்குப் பசியா? இல்லை. தாக்குவதா, ஓடுவதா என்ற இரு தூண்டுதல்களுக்கு இடையில் சிக்கிய விலங்கு, சூழ்நிலைக்குப் பொருந்தாத மூன்றாவது செயலைச் செய்கிறது. முள்முதுகு மீன்களிடம் இதே தன்மையை டின்பர்கன் கண்டார். எல்லையில் எதிரெதிரே நிற்கும் இரண்டு ஆண் மீன்கள், சண்டைக்கு நடுவே தலைகீழாக நின்று கூடு கட்டுவதுபோல மணலைத் தோண்டுமாம்!

"நானே தலைவன்" என்கிறதா நாய்?

நாய் வளர்ப்போரிடம் கேட்டால் பலர் உடனே ஒரு விளக்கம் தருவார்கள்: "அது தன் ஆதிக்கத்தைக் காட்டுகிறது. அடித்து அடக்கினால்தான் வழிக்கு வரும்." இக்கருத்து எங்கிருந்து வந்தது?

சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களை ருடால்ஃப் ஷென்கல் ஆராய்ந்து 1947-இல் ஒரு கட்டுரை எழுதினார். குறுகிய இடத்தில் அடைத்து வைத்த ஓநாய்கள் உயர்ந்த இடத்துக்காக ஓயாது போட்டியிட்டன. அமெரிக்க அறிஞர் டேவிட் மெக் 1970-இல் எழுதிய ஓநாய் பற்றிய நூலும் இக்கருத்தைப் பரப்பியது. நாய் ஓநாயின் வழித்தோன்றல் அல்லவா? எனவே நாயும் ஓயாமல் தலைமைக்குப் போட்டியிடுகிறது என்று மக்கள் முடிவு கட்டினர்.

அதே மெக் 1986 முதல் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களை அருகிலிருந்து கவனித்தார். அங்கே அவர் கண்டது வேறு. ஓநாய்க் கூட்டம் என்பது பொதுவாகத் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய ஒரு குடும்பம். பெற்றோர் வழி நடத்துகிறார்கள், பிள்ளைகள் பின்பற்றுகின்றன. "தலைவன்" என்ற பழைய சொல் இங்கே பொருந்தாது என்று 1999-இல் அவரே எழுதினார். தம் பழைய கருத்தைத் தாமே திருத்திக்கொள்வது அறிவியலில் இழுக்கன்று, பெருமை!

ஒரு நாய் இன்னொன்றை மிரட்டும்போது அதன் மீது ஏறுவதும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், ஏறிய நாயெல்லாம் ஆட்சியைப் பிடிக்க வந்தது என்று கொள்வது தவறு.

அடி ஏன் பயன்படவில்லை?

மணிக்கு அடி விழுந்தபோது உண்மையில் நடந்தது என்ன? ரஷ்ய அறிஞர் பாவ்லாவின் சோதனையை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். உணவுக்கு முன் ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய், பின்னர் ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் உமிழ்நீர் சுரந்தது. இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நேரும்போது நாயின் மூளை அவற்றை முடிச்சுப் போட்டுவிடுகிறது.

மணியின் மூளையும் முடிச்சுப் போட்டது. "மேலே ஏறியதால் அடி" என்ற முடிச்சு அன்று. கண்ணெதிரே சீசர்; உடம்பில் சுரீரென்ற வலி. "சீசர் அருகில் இருந்தால் வலிக்கும்" என்ற முடிச்சே விழுந்தது. அதனால்தான் அது சீசரைக் கடித்தது. மீண்டும் மீண்டும் இவ்வாறு அடித்தால், ஆண் நாயைக் கண்டாலே பாயும் நாயாக அது மாறக்கூடும். குற்றம் எதுவும் செய்யாத ஒரு நாயைக் கடிநாயாக நாமே வளர்த்து விடுகிறோம்.

எப்போது தலையிட வேண்டும்?

எல்லா நேரத்திலும் ஓடிப்போய்த் தடுக்க வேண்டியதில்லை. கீழே உள்ள நாயைப் பாருங்கள். விடை அதனிடம் இருக்கிறது. அது உதறிவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தால், இரண்டும் மாறி மாறித் துரத்தினால், கவலையில்லை.

ஆனால் கீழே உள்ள நாய் வாலைக் கால்களுக்கு இடையில் இடுக்கினால், காதுகளைப் பின்னுக்கு மடித்தால், ஒளிய இடம் தேடினால், உடல் விறைத்துப் பல்லைக் காட்டி உறுமினால், அது "போதும்" என்கிறது. அதனைக் கேளாமல் மற்ற நாய் மேலும் ஏறினால் சண்டை மூளலாம். வயதான நாய், நோயுற்ற நாய், சிறு குட்டி ஆகியவற்றின் மீது பெரிய நாய் ஏற விடவே கூடாது. முதுகிலும் இடுப்பிலும் காயம் ஏற்படும்.

செய்ய வேண்டியவை

முன்கூட்டியே கவனியுங்கள். பெரும்பாலான நாய்கள் ஏறுவதற்கு முன் மற்ற நாயைச் சுற்றி வந்து, அதன் தோள் மீது தலையையோ ஒரு காலையோ வைக்கும். அழைப்பதற்கு ஏற்ற நேரம் அதுவே.

"வா" என்றால் வரப் பழக்குங்கள். வீட்டில், அமைதியான நேரத்தில் தொடங்க வேண்டும். வந்ததும் ஒரு விள்ளல் இட்லியோ அவித்த முட்டைத் துண்டோ கொடுங்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். வீட்டில் தேறிய பின்பே திடலில் அழையுங்கள்.

அழைத்த நாயை ஓரமாகக் கொண்டுபோய் ஒரு நிமிடம் அமைதியாக நிற்க விடுங்கள். பொங்கும் பாலுக்குத் தீயைக் குறைப்பது போன்றது இது. பிறகு மீண்டும் விளையாட விடலாம். வராத நாயாயின், கழுத்துப் பட்டையில் நீண்ட கயிறு இருந்தால் கையை நுழைக்காமலே மெதுவாக விலக்கலாம்.

கத்தாதீர்கள், சிரிக்காதீர்கள். நாய்க்கு இரண்டும் ஒன்றுதான்: எல்லோரும் தன்னைக் கவனிக்கிறார்கள்! கவனிப்பே பரிசாகிப் பழக்கம் வலுப்பெறும்.

நாள் முழுதும் சங்கிலியில் கட்டிப் போடாதீர்கள். காலையும் மாலையும் நடத்திச் செல்லுங்கள்.

இச்செயல் திடீரென அதிகரித்தாலோ, நாய் தன் பிறப்புறுப்பை ஓயாமல் நக்கினாலோ, சிறுநீர் கழிக்கத் துன்பப்பட்டாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர்த் தொற்றும் தோல் அரிப்பும்கூட இதற்குக் காரணமாகலாம். கருத்தடை அறுவை வேண்டுமா என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும்.

சண்டை மூண்டுவிட்டால்

இரண்டு நாய்களுக்கு இடையில் கையையோ காலையோ நீட்டவே கூடாது. பெரியவர்களைக் கூப்பிடுங்கள். தள்ளி நின்று வாளித் தண்ணீரை வீசலாம். பெரிய பலகையையோ தட்டியையோ இடையில் செருகலாம்.

பல் பட்டுவிட்டால் சிறு கீறலாயினும் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் பூசக்கூடாது. உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக அரிது. தோன்றுவதற்கு முன் தடுப்பது எளிது. அடிக்குப் பயந்து கடிபட்டதை வீட்டில் மறைக்கும் சிறுவர்கள் உண்டு. மறைக்காதீர்கள், அது உயிரோடு விளையாடும் செயல்.

மணி என்ன ஆயிற்று?

மணியை வெளியேற்றவில்லை. அவன் தந்தை அதனைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் முதலில் கேட்டது, "நாயை யாராவது அடித்தீர்களா?" என்பதே. பையன் தலைகுனிந்தான். "அது தெரியாமல் செய்தது; நீயும் தெரியாமல் செய்தாய். உன்னால் கற்றுக்கொள்ள முடியும், அதனாலும் முடியும்" என்றார் அவர்.

மணியும் சீசரும் மூன்று வாரங்கள் தனித்தனியே நடந்தன. பிறகு திடலின் இரு ஓரங்களில், பிறகு சற்று நெருங்கி, பிறகு அருகருகே. இப்போதும் ஆட்டம் சூடு பிடித்தால் மணி சீசரின் தோள் மீது தலையை வைப்பதுண்டு. "மணி, வா!" என்று ஒரு குரல் கேட்கும். அது திரும்பிப் பார்த்து, இட்லித் துண்டை நினைத்து ஓடி வரும். சிறுவர்கள் இப்போது அதைப் பார்த்துச் சிரிப்பதில்லை. பந்துதான் அவர்கள் கண்ணில் இருக்கிறது.

நீங்களும் கவனியுங்கள்

ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் விளையாடும் நாய்களைத் தள்ளி நின்று, தொடாமல், கல்லெறியாமல் பத்து நாட்கள் கவனியுங்கள். எந்த நாய் எதன் மீது ஏறியது? ஆணா, பெண்ணா? அதற்கு முன் ஒரு நிமிடம் என்ன நடந்தது? அதன் பின் விளையாட்டு தொடர்ந்ததா, சண்டை வந்ததா? விளையாட்டு வணக்கம் எத்தனை முறை? காதில் சிறு வெட்டு அடையாளம் இருந்தால் அது கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட நாய். அவையும் மேலே ஏறுகின்றனவா? இவற்றைக் கட்டம் போட்டு எழுதி, நண்பர்களின் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை திடலில் யாராவது நாயை நோக்கிக் குச்சியை ஓங்கும்போது, நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். கையில் உங்கள் குறிப்பேடு இருக்கும்.